விடுதிப் பள்ளிக்கு ஒரு முதல்வரைத் தேடியபோது: கோத்தகிரிப் பகுதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இந்த ஆய்வில் வருவது நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரியை ஒட்டியுள்ள ஒரு தனியார் விடுதிப் பள்ளி. பள்ளியின் பெயரையோ, இதில் தொடர்புடைய எவருடைய பெயரையோ நான் எழுதவில்லை. யாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். எழுதி முடித்ததும் பள்ளியின் தாளாளரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். அதை உரிய இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றபின், பிற பள்ளிகளுக்கு முதல்வரைத் தேடித் தரும் ஆலோசகராகப் பணியாற்ற விரும்புகிறவர்கள் இப்போது தமிழ்நாட்டிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களை அமர்த்திக்கொள்ளும் அறக்கட்டளைகளுக்கும் பயன்படும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

பின்னணி

நீலகிரியிலும் பழனி மலையிலும் விடுதிப் பள்ளிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-லும், கொடைக்கானலில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி 1901-லும் தொடங்கப்பட்டன. அந்தக் காலத்தில் இத்தகைய பள்ளிகளின் தலைமைக்கு யாரை அனுப்புவது என்பதை மிஷன் சபைகளோ அரசோ முடிவு செய்தன. பின்னாளில் உள்ளூர் அறக்கட்டளைகளும் குடும்பங்களும் தொடங்கிய பள்ளிகளுக்கு அப்படி அனுப்பி வைக்க யாரும் இல்லை. முதல்வர் ஓய்வு பெறப்போகிறார் என்றால், அறங்காவலர்கள் தங்களுக்குத் தெரிந்த நான்கு பேரிடம் தொலைபேசியில் கேட்பார்கள். அந்த நால்வரில் ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். பெரும்பாலும் அந்தப் பெயரே முடிவாகிவிடும்.

அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் இது நெடுங்காலமாகவே ஒரு தனித் தொழில். அங்கே புதிய தலைவர் ஜூலை 1 அன்று பொறுப்பேற்பது வழக்கம் என்பதால், அதற்கு ஓராண்டுக்கும் முன்பே தேடல் தொடங்கிவிடுகிறது. தேடல் குழு அமைப்பது, பள்ளியைச் சேர்ந்த எல்லாத் தரப்பினரிடமும் கேட்டறிவது, பதவி விளக்கக் குறிப்பு எழுதுவது, இறுதிச் சுற்றில் உள்ளவர்களைப் பள்ளிக்கே வரவழைப்பது, பிறகு அவர்களைப் பற்றி விசாரிப்பது என்று ஒரு நடைமுறை அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தேடல்களை நடத்தித் தருகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் பள்ளித் தலைவர்களாக இருந்தவர்கள்தாம்.

நான் மதுரையில் ஒரு பகல்நேரப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகத் தொடங்கி, பழனி மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்கு 11 ஆண்டுகள் முதல்வராக இருந்து, 57 வயதில் விலகியவள். எனக்குப் பின் வந்தவரை அந்தப் பள்ளி மூன்றே வாரத்தில், ஓர் அறங்காவலரின் நண்பர் வழியாகக் கண்டுபிடித்தது. விடுதியில் எத்தனை பிள்ளைகள் தங்குகிறார்கள் என்பதே அவருக்குப் பொறுப்பேற்ற அன்றுதான் தெரிந்தது. இப்படி நடக்க வேண்டியதில்லை என்ற எண்ணமே என்னை இந்தப் பணிக்குக் கொண்டுவந்தது.

தொடங்குவதற்கு முன் சில வரம்புகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். நான் விலகிய பள்ளியில் பணிபுரியும் எவரையும் இரண்டு ஆண்டுகளுக்கு வேறொரு பள்ளிக்குப் பரிந்துரைப்பதில்லை. நான் நடத்தும் தேடலில் நானே விண்ணப்பதாரர் ஆவதில்லை. விண்ணப்பதாரர் எவரிடமும் பணம் வாங்குவதில்லை. இரண்டாவது வரம்பு பின்னால் எவ்வளவு கடினமாகப் போகிறது என்று அப்போது நான் அறியவில்லை.

பணவரவு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். முதல் எட்டு மாதம் எனக்கு ஒரு ரூபாய் வருமானம் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் என்று 30 ஆண்டுக்கு மேல் பழகிய ஒருவருக்கு அது எளிதான காலம் அல்ல. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது, கட்டணத்தில் 10 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டுதான் பள்ளி தரும். கையிருப்பில் ஓராண்டுச் செலவுக்குப் பணம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். வருமானம் இல்லாத ஆலோசகர் கிடைத்த பள்ளியை விட்டுவிடக் கூடாது என்று நினைப்பார்; அந்த நினைப்பில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

ஒப்பந்தம்: ஜூலை

கோத்தகிரிப் பள்ளியின் முதல்வர் 19 ஆண்டுகள் பணியாற்றி, வரும் ஏப்ரலில் ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். பள்ளியில் 400-க்கும் அதிகமான மாணவர்கள் படித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் விடுதியில் தங்கியவர்கள். தாளாளர் என்னை ஜூலையில் அழைத்தார். மலைப் பள்ளியை நடத்திய ஒருவரே தேட வேண்டும் என்பதால் என்னை அழைத்ததாகச் சொன்னார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

கட்டணத்தைப் புதிய முதல்வரின் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று வைப்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. அதிகச் சம்பளம் கேட்கிறவரை ஆலோசகர் விரும்பிவிட அது இடம் கொடுக்கும். ஒரே தொகையை மூன்று தவணையாகப் பெறுவது என்று முடிவானது. அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போயின. நியமிக்கப்படுகிறவர் ஓராண்டுக்குள் விலகினால் என்ன செய்வது என்று எழுதவில்லை. நான் கண்டறியும் எல்லாவற்றையும் பள்ளியின் தேர்வுக் குழுவிடம் எழுத்தில் தருவேன் என்றும் எழுதவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது என் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது.

கேட்டறிந்த விதம்: ஆகஸ்ட்

மூன்று நாட்கள் பள்ளியில் தங்கி, ஆசிரியர்கள், பெற்றோர், மேல்வகுப்பு மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், அறங்காவலர்கள் என்று 60 பேருக்கு மேற்பட்டோரிடம் பேசினேன். பள்ளிக்கு எப்படிப்பட்ட தலைமை வேண்டும், எது மாறக் கூடாது, எது மாறியே ஆக வேண்டும் என்ற மூன்று கேள்விகளை எல்லோரிடமும் கேட்டேன். ஆசிரியர்கள் பாடத்திட்டம் பற்றியும் தேர்வு முடிவுகள் பற்றியும் பேசினார்கள். பெற்றோர் ஆங்கிலம் பற்றியும் உணவு பற்றியும் பேசினார்கள். அறங்காவலர்கள் சேர்க்கை குறைவது பற்றிப் பேசினார்கள்.

விடுதிக் காப்பாளர்கள், மேட்ரன்கள், ஆயாக்கள், மெஸ் பணியாளர்கள், காவலர்கள் என்று 20 பேருக்கு மேல் இருந்தவர்களை, மூன்றாம் நாள் மாலை தேநீர் வேளையில் அரை மணி நேரம் ஒன்றாகச் சந்தித்தேன். ஒரே அறையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் பேசமாட்டார்கள் என்பது 11 ஆண்டுகள் விடுதிப் பள்ளி நடத்திய எனக்குத் தெரியாததல்ல. பேசவில்லை. "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள். அந்த நேர அட்டவணையைப் போட்டது பள்ளி அல்ல, நான். விடுதியைப் பற்றி எனக்கே தெரியும், அதை யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை என்று உள்ளூர நினைத்திருக்கிறேன் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

குறும்பட்டியல்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

ஆறு பக்கத்தில் பதவி விளக்கக் குறிப்பு எழுதி, நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தோம். 41 விண்ணப்பங்கள் வந்தன. பள்ளிக்கு இணைப்பு வழங்கும் கல்வி வாரியம் முதல்வருக்கு விதித்துள்ள கல்வித் தகுதியும் பணி அனுபவமும் இல்லாதவர்களை முதலிலேயே நீக்கிவிட்டு, 12 பேரிடம் காணொலியில் பேசி, ஐவரைக் கோயம்புத்தூருக்கு நேர்காணலுக்கு அழைத்தோம். இறுதியில் இருவர் எஞ்சினார்கள்.

முதலாமவர் ஒரு பெருநகரப் பகல்நேரப் பள்ளியில் துணை முதல்வர், நாற்பதுகளின் நடுவில் இருந்தவர், கணித ஆசிரியர். பேச்சில் ஒழுங்கு இருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார், சொன்னதை முடித்தார். இரண்டாமவர் வேறொரு மாநிலத்தில் விடுதிப் பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகள் இருந்த பெண்மணி. நேர்காணலில் தயங்கித் தயங்கிப் பேசினார். ஒரு கேள்விக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, இடைவேளைக்குப் பின் திரும்பி வந்து பதில் சொன்னார். குழுவில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது; ஆனால் அதைக் குழுவிடம் நான் வலியுறுத்தவில்லை.

முதலாமவரைப் பார்த்தபோது, மதுரையிலிருந்து மலைக்குப் போன அன்றைய என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. இதை அப்போதே உணர்ந்தேன். அது ஓர் எச்சரிக்கை என்று மட்டும் உணரவில்லை.

இரண்டு வருகைகள்: ஜனவரி

குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் இருவரையும் தனித்தனியே பள்ளிக்கு வரவழைப்பது என்று திட்டம். ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நாள். நாட்களை நானே குறித்தேன்.

முதலாமவரின் வருகை நல்லபடியாக நடந்தது. வகுப்புகளைப் பார்த்தார்; ஆசிரியர் கூட்டத்தில் அரை மணி நேரம் தெளிவாகப் பேசினார்; பெற்றோர் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னார். மாலை படிப்பு நேரம் முடிந்ததும் இளைய மாணவர் விடுதியைப் பார்க்கச் சென்றோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தின் கோடியில், வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் சுவரையொட்டி, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய காலுறைகள் கொதிகலன் குழாயின்மேல் காய்ந்துகொண்டிருந்தன. மேட்ரன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாமவர் வாசலிலேயே நின்றார். படுக்கைகள் சீராக விரிக்கப்பட்டிருப்பதைப் பாராட்டினார். மூன்று நிமிடத்தில் திரும்பிவிட்டோம். என் குறிப்பேட்டில் அன்றிரவு, "வாசலில் நின்றார், மேட்ரனிடம் எதுவும் கேட்கவில்லை" என்று எழுதினேன்.

இரண்டாமவர் வந்த நாளில் பள்ளி பாதி காலியாக இருந்தது. அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஹெத்தையம்மன் திருவிழா. கோத்தகிரியைச் சுற்றியுள்ள படுக இன மக்களின் ஊர்களுக்கு ஆண்டிலேயே பெரிய நாள். விரதம் இருந்து, வெள்ளை உடுத்தி, பேரகணிக் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பள்ளியின் விடுதிப் பணியாளர்களிலும் மெஸ் பணியாளர்களிலும் பெரும்பகுதியினர் அந்த ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஆசிரியர்களிலும் பலர் அப்படியே. பழனி மலையில் 11 ஆண்டுகள் இருந்த எனக்கு இந்தத் திருவிழாவின் நாள் தெரியாது. தெரியாது என்பதைவிட, கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை என்பதே சரி. அடுத்த நாள் பணிக்குத் திரும்பிய மூத்த மேட்ரன் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஹெத்தை ஹப்பா அன்னைக்கு யாரு மேடம் இருப்பாங்க? எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."

முதலாமவரைப் பற்றி 38 பேர் கருத்துப் படிவம் நிரப்பித் தந்தார்கள். இரண்டாமவரைப் பற்றி 11 பேர்.

முடிவு எடுக்கப்பட்ட விதம்

சரியாகச் செய்வதென்றால் இரண்டாமவரை இன்னொரு முறை வரவழைத்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் ஆகும். முதலாமவர் தம் பள்ளியில் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்ததால், ஜனவரி முடிவதற்குள் அவருக்கு உறுதி சொல்ல வேண்டும். இந்த அவசரத்தைக் காரணம் காட்டி, உள்ள தகவலை வைத்து முடிவெடுக்கலாம் என்று குழு நினைத்தது. நான் மறுக்கவில்லை. 38 படிவங்களையும் 11 படிவங்களையும் ஒப்பிடக் கூடாது என்று சொன்னேன். ஆனால் அவற்றை மேசையிலிருந்து எடுத்துவிடவும் இல்லை.

முதலாமவரைப் பற்றி விசாரிக்க அவரே தந்த மூவரிடம் பேசினேன். மூவரும் அவருக்கு மேல்நிலையில் இருந்தவர்கள். நேர்மை, உழைப்பு, பாட அறிவு எல்லாவற்றிலும் ஐயமில்லாமல் உயர்வாகச் சொன்னார்கள்; அவை எல்லாம் உண்மை என்று பின்னால் நானே கண்டேன். ஒருவர் மட்டும், "விடுதி நிர்வாகம் பற்றி நான் சொல்ல முடியாது, எங்களிடம் விடுதி கிடையாது" என்று சொல்லி நிறுத்தினார். அவருக்குக் கீழே பணிபுரிந்த ஒருவரிடமும் நான் பேசவில்லை.

குழுவின் கடைசிக் கூட்டத்தில் ஓர் அறங்காவலர், விடுதி அனுபவம் இல்லையே என்று கேட்டார். நான் சொன்ன பதிலே இந்த ஆய்வின் மையம் என்று நினைக்கிறேன். "நானும் பகல்நேரப் பள்ளியிலிருந்து வந்தவள்தான், ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டேன்" என்றேன். கேள்வி முதலாமவரைப் பற்றியது. நான் தந்த சான்று என் வாழ்க்கை. அதற்கு மேல் அந்த அறங்காவலர் எதுவும் கேட்கவில்லை. முன்னாள் முதல்வர் ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்லும்போது ஒரு வணிகரோ மருத்துவரோ அதை எப்படி மறுப்பார்? என் குறிப்பேட்டு வரியையும் நான் குழுவிடம் வாசிக்கவில்லை. மலைக்குப் போன முதல் ஆண்டில் நானும் விடுதி வாசலில் நின்றவள்தான் என்ற நினைப்பு அதை வாசிக்கவிடவில்லை. எனக்கு அந்த ஓராண்டில் கற்றுக்கொடுத்தவர் அங்கே 22 ஆண்டுகள் இருந்த ஒரு காப்பாளர் என்பதும், அப்படி ஒருவர் கோத்தகிரியில் புதியவரின் பக்கத்தில் நிற்பாரா என்று நான் விசாரிக்கவில்லை என்பதும் பிறகுதான் உறைத்தன.

நான் எழுதிய வரைவில், "முதலாமவரை நியமிக்கச் செய்தேன்" என்று இருந்தது. தாளாளர் சொன்ன திருத்தம் இங்கேதான். "முடிவை எடுத்தது நாங்கள். அதை உங்கள் பெயரில் எழுதாதீர்கள்" என்றார். அவர் சொன்னது சரி. தேர்வுக் குழு வாக்கெடுத்து, ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் முதலாமவரைத் தேர்ந்தெடுத்தது. என் பொறுப்பு, அந்த வாக்கெடுப்புக்கு முன் அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டியவற்றைத் தராதது.

பின்னர் நடந்தவை

முதலாமவர் மே மாதம் பொறுப்பேற்றார். முதல் ஐந்து மாதத்தில் அவர் செய்தவற்றில் பல இன்றும் பள்ளியில் நிலைத்திருக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணிதத்துக்குத் தனிநேரம் ஒதுக்கினார். நூலகத்தை இரவு உணவுக்குப் பின்னும் திறந்து வைத்தார். மெஸ் கணக்கை மாதந்தோறும் பெற்றோருக்கு அனுப்பினார். விடுதிக் காப்பாளர்களின் வாராந்தரக் கூட்டத்தை மட்டும் மாதம் ஒரு முறை என்று குறைத்தார்.

கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையை நேரடியாக வாங்கும் ஊர். 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டமெங்கும் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை அங்கே யாரும் மறக்கவில்லை. முதலாமவர் பொறுப்பேற்ற ஆண்டின் நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மின்சாரம் இரண்டு நாள் இல்லை. மேட்டுப்பாளையம் சாலையில் மண் விழுந்து போக்குவரத்து நின்றது. விடுதியில் 14 பிள்ளைகளுக்குக் காய்ச்சல்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதே பாதுகாப்பு என்று முதல்வர் தீர்மானித்து, இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் பெற்றோருக்குத் தகவல் அனுப்பினார். காப்பாளர்களுக்கும் அதே தகவல் அதே நேரத்தில்தான் போனது. மழை பெய்யும்போது பிள்ளைகளைச் சாலையில் இறக்கக் கூடாது, விறகும் அரிசியும் பத்து நாளைக்கு இருக்கிறது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள்; அவர்களிடம் கேட்கப்படவில்லை. விடியற்காலையில் குன்னூர் வழியாகப் புறப்பட்ட பேருந்துகள் பர்லியாறு அருகே மரம் விழுந்து நின்றுவிட, பிள்ளைகள் பிற்பகல்வரை பேருந்திலேயே இருந்தார்கள். காய்ச்சல் இருந்த பிள்ளைகளில் இருவர் அந்தப் பேருந்துகளில் இருந்தார்கள் என்பது வழியில்தான் தெரிந்தது. பெரிய கேடு எதுவும் நேரவில்லை. எல்லோரும் இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த வாரம் காப்பாளர்கள் இருவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஜனவரியில் முதல்வரும், ஏப்ரலுடன் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். அவரை யாரும் விலகச் சொல்லவில்லை.

நான் ஏற்க மறுத்த பதவி

அந்த வாரம் தாளாளர் என்னை அழைத்தார். "மேடம், ஒரு வருஷம் நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் நிதானமாகத் தேடிக்கொள்வோம்" என்றார். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

எனக்கு ஆசை இருந்தது. காலை மணியடிக்கும் சத்தம், வராந்தாவில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள், யாராவது ஒருவருக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடிகிற அந்த நாள்கள், இவற்றை விட்டு வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்திருந்தேன். இருந்தது. அந்த இரண்டு இரவும் சரியாகத் தூங்கவில்லை.

மறுத்ததற்குக் காரணம் இரண்டு. நான் பரிந்துரைத்தவர் நிலைக்கவில்லை என்றதும் நானே அந்த நாற்காலியில் அமர்ந்தால், அதன்பின் எந்தப் பள்ளியில் நான் சொல்லும் ஆலோசனையையும் யாரும் ஐயமின்றிக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அதைவிட முக்கியமானது, நான் போயிருந்தால் அந்த ஓராண்டு நன்றாகவே நடந்திருக்கும். அது நன்றாக நடந்ததாலேயே முதல் தேடலில் என்ன தவறு நேர்ந்தது என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், நானும் கேட்டிருக்கமாட்டேன். பள்ளியிலேயே ஓய்வு பெற்ற முன்னாள் துணை முதல்வர் ஒருவரை ஓராண்டுக்கு இடைக்காலப் பொறுப்பில் அமர்த்தும்படி சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். விலகல் கடிதம் கொடுத்த காப்பாளர்களில் ஒருவர் அவர் கேட்டதால் திரும்பி வந்தார்.

இரண்டாம் தேடலைக் கட்டணம் இல்லாமல், பயணச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு நடத்தித் தருவதாக எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்று தாளாளர் நினைவூட்டினார். இருந்திருக்க வேண்டும் என்றேன்.

இரண்டாம் தேடல்

முதலில் இரண்டாமவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் அதற்குள் வேறொரு பள்ளியில் முதல்வராகியிருந்தார். முந்தைய ஜனவரி வருகையைப் பற்றி அவர் சொன்னது இது: "அன்றைக்குத் திருவிழா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முடிவு ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள், என்னை ஒப்புக்கு அழைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்." அன்று மாலையே இந்தப் பதவி வேண்டாம் என்று மனத்தளவில் முடிவு செய்துவிட்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். திருவிழா நாளை நான் தவறாகக் குறித்தது ஒரு பிழை. அவரை எதிரில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் மறைத்தது அதைவிடப் பெரியது.

இம்முறை கேட்டறிவதற்கு ஒன்பது நாட்கள் எடுத்துக்கொண்டேன். அதில் இரண்டு இரவுகள் விடுதியிலேயே தங்கினேன். மெஸ் பணியாளர்களை அதிகாலையில் அடுப்பு மூட்டும் நேரத்தில், இருவர் மூவராகச் சந்தித்தேன். பதவி விளக்கக் குறிப்பின் முதல் பக்கத்தில் இம்முறை விடுதி வந்தது. வருகை நாட்களைக் குறிக்கும் வேலையை அலுவலக எழுத்தரிடம் விட்டேன். அவர் அருகிலுள்ள ஹட்டியை, அதாவது படுக ஊரை, சேர்ந்தவர்.

விசாரிக்கும் முறையை முழுவதும் மாற்றினேன். விண்ணப்பதாரரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு, அவர் பெயர் சொல்லாதவர்களிடமும் பேசினேன்: அவருக்குக் கீழே பணிபுரிந்த காப்பாளர் ஒருவர், விலகிச் சென்ற ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர். ஒவ்வொருவரிடமும் குழந்தைப் பாதுகாப்புப் பற்றி நேரடியாகக் கேட்டேன். பிள்ளைகளுக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி எல்லோருக்கும் கடமை. தமக்குக் கீழ்ப் பணிபுரியும் ஒருவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை உண்டு. எனவே, "இவரிடம் ஒரு பிள்ளையோ பணியாளரோ புகார் கொண்டுவந்தபோது என்ன செய்தார்?" என்று கேட்பதில் கூச்சம் காட்டக் கூடாது. முதல் தேடலில் இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எதுவும் தவறாக நடக்கவில்லை என்பதால் கேட்காதது சரியாகிவிடாது.

கடைசிக் கூட்டத்தில் நான் கண்டவை, கேட்டவை எல்லாவற்றையும் என் கருத்தைக் கலக்காமல் எழுத்தில் தந்தேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டைத் தனித்தனியே எழுதி முடித்த பிறகே பேச்சு தொடங்கியது. யாரை நியமிக்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. ஓர் அறங்காவலருக்கு அதில் கோபம். பிறகு எதற்கு ஆலோசகர் என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில், கேட்கப்படாதவர்களின் சொல் குழுவின் மேசைக்கு வந்து சேருவதற்கு என்பதே. அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது.

வேறொரு மலைப் பகுதியில் விடுதிப் பொறுப்பாளராக இருந்து உயர்ந்த ஒருவர் நியமிக்கப்பட்டார். இப்போது அவருக்கு இரண்டாம் ஆண்டு நடக்கிறது. தேர்வு முடிவுகளில் பெரிய முன்னேற்றம் இல்லை. சேர்க்கையும் பழைய அளவிலேயே இருக்கிறது. காப்பாளர்கள் யாரும் விலகவில்லை.

முதலாமவரோடு பேசியது

இந்த ஆய்வை எழுதத் தொடங்கும் முன் முதலாமவரைச் சந்திக்கச் சென்றேன். நல்ல வேலையை விட்டு, என் சொல்லையும் நம்பி மலையேறியவர் அவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இரண்டு ஆண்டுக்குள் இரண்டு பள்ளி மாற வேண்டியிருந்தது. இப்போது மீண்டும் ஒரு பகல்நேரப் பள்ளியில், இம்முறை முதல்வராகவே இருக்கிறார். அங்கே அவரை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

குறிப்பேட்டில் எழுதிய வரியையும், அதைக் குழுவிடம் சொல்லாததையும் அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ளே போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை மேடம். பிள்ளைகள் படுக்கிற இடம். யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. நீங்கள் வாசலில் நின்றீர்கள், அதனால் நானும் நின்றேன்" என்றார்.

அன்று நானும் வாசலைத் தாண்டவில்லை என்பது அவர் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. என் குறிப்பேட்டில் அது இல்லை. இப்போது நான் நடத்தும் தேடல்களில் விண்ணப்பதாரரை விடுதிக்குள் அழைத்துச் செல்பவர் மேட்ரன்; நான் உடன் போவதில்லை.